ஜெபித்தும் ஒன்றும் மாறாதபோது நம்பிக்கையை எங்கே வைப்பது?

பல்லடம் பக்கம் ஆள் வைத்து, கூலிக்குத் துணி நெய்து கொடுக்கிற ஒரு விசைத்தறிக்காரரின் கேள்வி இது. சுருக்கிச் சொன்னால்: கடன் கழுத்தை நெரிக்கிறது, ஒன்றரை வருடமாக ஜெபிக்கிறேன். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 ('தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே') வந்தது. ஒரு ஜெபக் கூட்டத்தில் 'மூணு மாசத்துல கடன் தீரும்' என்று சொன்னார்கள், ஏழு மாதம் ஆகிவிட்டது. இப்போது வேதத்தைத் தொடவே மனசு வரமாட்டேங்குது, ராத்திரி தூக்கமில்லை, சோறு இறங்கலை. விசுவாசக் குறைவு என்கிறார்கள். கர்த்தருக்குள் நம்பிக்கையை எப்படித் திரும்பப் பெறுவது? வீட்டுக்காரிக்கு என்ன சொல்வது?

நம்பிக்கை வர வழி கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது: சொன்னபடி நடக்கவில்லையே, ஏமாற்றியது தேவனா, இல்லை நான்தான் விசுவாசம் கெட்டவனா? இதைத் தீர்க்காமல் மேலே வசனங்களை அடுக்கினால் ஒன்றும் ஒட்டாது. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மனம் சோர்ந்துபோவதற்கும் விசுவாசம் இல்லாமல் போவதற்கும் வேதம் முடிச்சுப் போடுவதில்லை. 2 கொரிந்தியர் 1:8-ஐ எடுத்துப் பாருங்கள். பவுல் ஆசியாவில் பட்ட பாட்டைச் சொல்லும்போது, 'பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக' பாரம் அழுத்தியது என்று தன் கையால் எழுதுகிறார். சபைகளை நாட்டின அப்போஸ்தலனே அப்படி எழுதியிருக்கும்போது, தறி ஓட்டுகிறவர் எழுதினால் மட்டும் எப்படிக் குற்றமாகும்? கெத்செமனேயில் இயேசு, 'என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது' என்று மூன்று சீஷர்களிடம் வாய்விட்டே சொன்னார். எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல மனிதர்கள்தான். வாயைத் திறந்து 'உன்னிடம் ஏதோ குறை' என்று காரணம் கண்டுபிடிக்க ஆரம்பித்தபோதுதான் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல், புலம்பின யோபுவின்மேல் இல்லை. உங்களிடம் 'விசுவாசக் குறைவு' என்றவர்களும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் சொன்னது தவறு, அவ்வளவுதான்.

அடுத்தது, நம்பிக்கை என்ற சொல். பேச்சுத் தமிழில் இதை எல்லாவற்றுக்கும் போடுகிறோம். 'அவன்மேல நம்பிக்கை இருக்கு' என்றாலும் அதுதான், 'மழை வரும்னு நம்பிக்கை' என்றாலும் அதுதான். சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று வரும். கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தில் அதே வசனம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. ஒருவர் நம்பிக்கை என்பது இன்னொருவருக்கு விசுவாசம். ஒருவருடைய எதிர்நோக்கு இன்னொருவருக்கு நம்பிக்கை. இது வெறும் அகராதிச் சண்டை இல்லைங்க. உங்கள் சோர்வுக்கே இதில் ஒரு வேர் இருக்கிறது. ஒரு ஆளின்மேல் வைக்கிற பற்று வேறு, ஒரு காரியம் இன்ன தேதிக்குள் நடக்கும் என்ற எதிர்பார்ப்பு வேறு. மூன்று மாதம் தாண்டியபோது முறிந்தது இரண்டாவது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் முதலாவதும் முறிந்துவிட்டது போல மனசுக்குத் தோன்றுகிறது. சந்தையில் தேதி போட்டுக் கொடுத்த செக் திரும்பி வந்தால் கொடுத்தவர்மேல் இருந்த மரியாதையும் போய்விடும், நியாயம்தான். ஆனால் இந்தச் செக்கில் கையெழுத்துப் போட்டது யார் என்று பார்க்க வேண்டாமா?

அதற்கு எரேமியா 29-ஐ அட்டையில் இருக்கிற ஒரு வசனமாக இல்லாமல், முழுக் கடிதமாக வாசியுங்கள். நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பினது அது. 11-ஆம் வசனத்துக்கு நேர் முந்தின வசனத்தில் காலக்கெடு இருக்கிறது: எழுபது வருஷம். வாங்கி வாசித்தவர்களில் பெரியவர்கள் அநேகமாக யாரும் உயிரோடு ஊர் திரும்பியிருக்க முடியாது. அதுவரை என்ன செய்வது என்பதை 5-ஆம் வசனம் சொல்கிறது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள். பொள்ளாச்சியில் நெட்டைத் தென்னம்பிள்ளை வைக்கிறவர் பாளைக்கு ஆறேழு வருடம் காத்திருக்கிறாரே, அந்த மாதிரி வேலை. இப்போது ஒரு அதிகாரம் பின்னால் போங்கள். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும், இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் சரியாகும் என்று சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். கைதட்டல் யாருக்கு விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எரேமியா 'ஆமென், அப்படியே ஆகட்டும்' என்றுதான் முதலில் சொன்னார். அவருக்கும் அது நடந்தால் சந்தோஷமே. ஆனால் குறுகிய தேதி போட்டவன் அனனியா, கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று அதே அதிகாரம் முடிக்கிறது. ஆக, உங்கள் அட்டையில் இருந்த வசனத்தில் மூன்று மாதம் கிடையாது. அதை மேடையில் ஒருவர் சேர்த்தார். அது நடக்காததால் வசனம் பொய்யாகாது.

அப்படியானால் கிறிஸ்தவன் எதை எதிர்நோக்குகிறான்? ரோமர் 8:24 'காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல' என்கிறது. புதிய ஏற்பாட்டில் நம்பிக்கை ஊன்றி நிற்கிற இடம் ஒன்றுதான்: சிலுவையில் செத்தவரை தேவன் எழுப்பினார், அதனால் மரணம்கூடக் கடைசி வார்த்தை இல்லை. 1 கொரிந்தியர் 15-இல் பவுல், கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் உங்கள் விசுவாசம் வீண் என்று பந்தயம் முழுவதையும் அந்த ஒரே இடத்தில் வைக்கிறார். கடன் தீருமா, தீராதா என்பதில் வைக்கவில்லை. இதைக் கேட்டவுடன் 'அது செத்ததுக்கு அப்புறம், எனக்கு சனிக்கிழமை வட்டி கட்டணுமே' என்று தோன்றுவது சரிதான். அதற்காகத்தான் இனிமேல் சொல்வது.

எலியாவுக்கு என்ன நடந்தது என்று 1 இராஜாக்கள் 19-இல் நிதானமாகப் பாருங்கள். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, ஒரு நாள் தூரம் வனாந்தரத்துக்குள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்கிறான். சூரை பெரிய மரம் இல்லை, வெயிலுக்கு முழுசாக ஒதுங்கக்கூட நிழல் தராத புதர். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில் சித்திரை வெயிலில் ஒரு சின்ன வெள்வேலாமரத்தடியில் ஒருவன் சுருண்டு படுத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். ஏன் ஓடி வந்தாய், விசுவாசம் எங்கே போச்சு என்று ஒரு கேள்வியும் இல்லை. 'எழுந்திருந்து போஜனம்பண்ணு.' தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டான், திரும்பப் படுத்துக்கொண்டான். அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் தரமும் அதே அடை, அதே தண்ணீர், 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்ற ஒரு வரி கூடுதல். அதற்குப் பிறகு நாற்பது நாள் நடை, ஓரேபில்தான் 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வியே வருகிறது. வரிசையைக் கவனியுங்கள்: சோறு, தூக்கம், சோறு, நடை, அப்புறம்தான் பேச்சு.

ஆகையால் உங்களுக்கும் முதலில் உடம்பு. நைட் ஷிப்ட் நீங்களே பார்க்கிறீர்கள் என்றால் வாரத்தில் இரண்டு இரவாவது யாரையாவது மாற்றிவிட்டுத் தூங்குங்கள். ராத்திரி டீயை நிறுத்துங்கள். பசிக்காவிட்டாலும் மூன்று வேளையும் நேரத்துக்கு கொஞ்சம் உள்ளே போகட்டும். கம்மங்கூழோ ரசஞ்சோறோ போதும். இந்த நிலையில் இருக்கிறவரிடம் முழு இரவு ஜெபத்துக்கு வா, மூன்று நாள் உபவாசம் இரு என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. தூக்கம் கெட்டவனுக்கு இன்னொரு இரவு விழிப்பு மனசை இன்னும் கீழே தள்ளும். சிலருக்கு எதிர்ப்பக்கம் தள்ளி, அளவுக்கு மீறிய குதூகலமும் படபடப்புமாக வேறு நோயைக் கிளப்பிவிடும். அதைப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று தவறாக எடுத்துக்கொள்கிற ஆபத்தும் இருக்கிறது.

நீங்கள் எழுதினதில் எனக்குக் கவலை தருவது தூக்கமும் சாப்பாடும்தான். நாளில் பெரும்பகுதி மனசு இருண்டு கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், அதோடு தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், மருத்துவர்கள் அதை மனச்சோர்வு நோயாகவே பார்ப்பார்கள். நாலு வரியை வைத்து நான் அதை உறுதிசெய்ய முடியாது, போதகரும் முடியாது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு இவையும் இதே மாதிரி அடித்துப்போடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். மருந்து கொடுத்தால் பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். 'ஜெபித்தாச்சு, சுகமாச்சு' என்று நடுவில் நிறுத்துவதுதான் நம் சபைகளில் அடிக்கடி நடக்கிற தப்பு. சாகலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் இன்றைக்கே 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி-மானஸ், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு. தோட்டத்துச் சாளையில் பூச்சிமருந்து இருந்தால் அண்ணன் தம்பி யாரிடமாவது கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அடையை அனுப்பின தேவன் மாத்திரையை அனுப்ப மாட்டார் என்று நினைக்கக் காரணமில்லை.

இனி ஜெபம். வேதத்தைத் தொட மனசு வரவில்லை என்றீர்கள். நீண்ட அதிகாரம் வேண்டாம், ஆறே வசனம் போதும்: சங்கீதம் 13. சங்கீதங்கள் 150-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். பாட்டுப் புத்தகத்தில் அதை நாம் அவ்வளவாகப் பாடுவதில்லை, அதனால் அப்படியும் ஜெபிக்கலாம் என்பதே மறந்துவிட்டது. 13-இல் முதல் இரண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' என்று நான்கு தரம் வருகிறது. முதல் இரண்டும் தேவனைப் பார்த்து: எதுவரைக்கும் மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர். மூன்றாவது தன் மனசைப் பற்றி. நான்காவது வெளியே நிற்கிற சத்துருவைப் பற்றி. ஒரு தாளை எடுத்து, தேதி போட்டு, அதே வரிசையில் உங்கள் நாலு வரியை எழுதுங்கள். 'என் கஷ்டங்கள்' என்று பொதுவாக எழுதினால் பிரயோஜனம் இல்லை. 'எதுவரைக்கும் ஆண்டவரே, ஒன்றரை வருஷ ஜெபத்தைக் கேட்காத மாதிரி இருப்பீர்? எதுவரைக்கும் அட்டையை மட்டும் கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்வீர்? எதுவரைக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு வட்டிக் கணக்கை மனசுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பேன்? எதுவரைக்கும் பைனான்ஸ்காரன் பிள்ளைகள் முன்னால் சத்தம் போடுவான்?' இந்த அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும். மரியாதை குறைகிறதோ என்று பயப்படாதீர்கள், தாவீதின் வரிகள் இதைவிட மென்மையானவை இல்லை.

3, 4 வசனங்கள் விண்ணப்பம். 'என் கண்களைத் தெளிவாக்கும்' என்கிறான். நீங்கள் இன்றைக்கு வேண்டியது ஒன்றை மட்டும் கேளுங்கள். மொத்தக் கடனும் வேண்டாம், இன்று இரவு நாலு மணி நேரத் தூக்கம், அல்லது நாளைக்குத் தறிக்குப் பாவு நூல் வருவது. 5-ஆம் வசனத்தில் 'நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்' என்று தாவீது சடாரென்று திரும்புகிறான். 4-க்கும் 5-க்கும் இடையில் நிலைமை மாறினதாக ஒரு எழுத்தும் இல்லை, சத்துரு அங்கேயேதான் நிற்கிறான். எதன்மேல் சாய்வது என்பது மட்டும் மாறியிருக்கிறது. இந்த வரியை உண்மையாக எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மடித்து வேதத்துக்குள் வையுங்கள். வராததை வந்ததாக எழுதுவதுதான் இந்தப் பயிற்சியைக் கெடுக்கும். சில நாட்களில் சங்கீதம் 13-இல் வருகிற அந்த நம்பிக்கைகூட அதிகம் என்று தோன்றும். அப்போது 88. பதினெட்டு வசனம், முடிவில் விடியலே கிடையாது. சிநேகிதரும் மறைந்துபோனார்கள் என்று அப்படியே நிற்கிறது. எபிரெயத்தில் கடைசிச் சொல்லே இருள்தான். அதையும் ஜெபமாக வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று தாள் எழுதினால் போதும், தினமும் வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் பழைய தாள்களைப் பிரித்துப் பாருங்கள்: சில வரிகள் அப்படியே இருக்கும், சிலது எப்போது விலகிப்போனது என்றே தெரியாமல் போயிருக்கும்.

தனியாக இதைச் செய்யாதீர்கள். மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அங்கே எழுதியிருப்பது, இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்று. படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உங்களால் விசுவாசிக்க முடியாத வாரங்களில் இரண்டு பேர் உங்களுக்காக விசுவாசிக்கட்டும். சபை முழுக்கச் சொல்ல வேண்டாம், ஊரெல்லாம் பரவிவிடும். வாயைக் கட்டுகிற இரண்டு பேர், அதில் ஒருவராவது ஒறம்பரை (சொந்தக்காரர்) இல்லாதவர். அவர்களிடம் 'ஆலோசனை வேண்டாம், புதன்கிழமை போன் பண்ணி எப்படி இருக்கேன்னு மட்டும் கேளுங்க' என்று கேட்டு வாங்குங்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போங்கள், பின் பெஞ்சில் உட்கார்ந்து பாடாமல் இருந்தாலும் பரவாயில்லை. சாட்சி நேரம் வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: கிடைத்தவர்தான் மைக் பிடிக்கிறார், இன்னும் காத்திருக்கிறவர் பெஞ்சில் இருக்கிறார். அதைப் பார்த்து நமக்கு மட்டும்தான் கிடைக்கவில்லை என்று கணக்குப் போடக் கூடாது. வீட்டில் யாராவது கத்தோலிக்கர் இருந்தால், சொந்த வார்த்தை வற்றிப்போன நாளில் ஜெபமாலை எவ்வளவு பெரிய ஒத்தாசை என்று கேட்டுப் பாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் துயர மறைபொருள்களை, அதாவது இயேசுவின் பாடுகளைத்தான் தியானிப்பார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்கும் அதே பலன் உண்டு. மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாவதாக 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்பதை சபையே உட்கார்ந்து கேட்கிறது.

கடனைப் பற்றி ஒரு பத்தி. விதைக் காணிக்கை போட்டால் நூறு மடங்கு திரும்பும் என்று யாராவது கேட்டால், கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். கொடுக்க வேண்டியது முதலில் உங்கள் தறிக்காரர்களுடைய கூலி. யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, என்று ஒரே தாளில் எழுதி வீட்டுக்காரிக்குக் காட்டுங்கள். அநியாய வட்டி என்றால் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீசிலோ கலெக்டர் ஆபீசிலோ மனுக் கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

இதில் எனக்கு உறுதியானவை எவை என்று கேட்டால்: புலம்புவது பாவம் இல்லை, உடம்பைக் கவனிப்பது அவிசுவாசம் இல்லை, தேதி போட்ட வாக்கு அந்த வசனத்தில் கிடையாது. ஏன் உங்களுக்கு இப்படி நடந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. யோபுவுக்கே காரணத்தைச் சொல்லவில்லை. சோதனை, சிட்சை என்று ஒரு பெயர் வைத்துத் தர எனக்குத் துணிவில்லை. பவுல், தன் மாம்சத்தில் ஒரு முள் என்று சொன்ன வேதனைக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது எடுபடவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. உங்கள் விஷயத்தில் முள் போகுமா, கிருபை மட்டும் வருமா என்று யாராவது அடித்துச் சொன்னால், அனனியாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரிக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். பிரசங்கம் வேண்டாம். 'எனக்கு மனசு சரியில்லை, நான் ஜெபிக்க முடியாம இருக்கேன், நீ எனக்காகச் சேர்த்து ஜெபி, திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்கூட வா' என்று இவ்வளவு சொன்னால் போதும். அவர் பல நாளாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அன்றைக்கு ராத்திரி அவர் போடுகிற சோற்றை, பசி இல்லாவிட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.